மேகலா மறந்துபோன கடைசி சீன்

செவல்குறிச்சியில் யாரையாவது "டாக்கீஸ்ல சேத்தாச்சு" என்று சொன்னால், படம் பார்க்கத்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். உள்ளூர்க்காரன் மட்டும் "அடப் பாவமே, முந்தாநாள்கூட நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு" என்று உச்சுக்கொட்டுவான். பொன்வண்டு டாக்கீஸ் முதியோர் இல்லமாக மாறி ரொம்ப காலமாயிற்று. தரை டிக்கெட் பக்கம் ஆண்களுக்கும் பெஞ்சு டிக்கெட் பக்கம் பெண்களுக்கும் கட்டில் போட்டு, முறுக்கு விற்ற இடத்தில் மருந்து அலமாரி வைத்து, ஆபரேட்டர் ரூமில் மேட்ரன் ரூபாவதியம்மாள் உட்கார்ந்துகொண்டு அந்தச் சின்னச் சதுர ஓட்டை வழியாக மொத்த இல்லத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள, சும்மா சொல்லக்கூடாது, கட்டினவன் இதற்கென்றே கட்டின மாதிரி எல்லாம் பொருந்திப் போயிற்று. வெள்ளைத் திரையை மட்டும் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

அந்தத் திரையில் இப்போதெல்லாம் சாயங்காலம் தவறாமல் ஒரே படம்தான் ஓடியது. நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா, "மறதி நோய்க்காரங்கள எப்படிப் பாத்துக்கணும்னு இதுல இருந்து கத்துக்கோங்க" என்று ஒரு காதல் படத்து டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். 'நாளைக்கும் வருவேன்' என்று பேர். மேகலா என்கிற பெண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்து, கடைசியில் கட்டின புருஷன் பாரியைக்கூட அடையாளம் தெரியாமல் போகிறது. அவன் தினமும் வந்து "நான்தான் பாரி, உன் புருஷன்" என்கிறான், அவள் முழிக்கிறாள், இவன் அழுகிறான், நடுவில் நாலைந்து பாட்டு, கடைசி சீனில் மழை கொட்டுகிறது, மேகலா நிமிர்ந்து பார்த்து "பாரி!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள், சுபம். நடித்தவளுக்கு வயசு கம்மி, தலையில் மாவைத் தட்டின மாதிரி நரை போட்டு உட்கார வைத்திருந்தார்கள், ஆனாலும் அந்த "பாரி!"யைக் கேட்டு அழாத ஆள் இல்லத்தில் கிடையாது.

நர்ஸுகள் எல்லோரும் பார்த்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். தங்கபுஷ்பம் சிஸ்டர் மட்டும் பாடம் கற்றுக்கொண்டாள். எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவள். திரும்பத் திரும்ப உண்மையைச் சொன்னால் ஒருநாள் ஞாபகம் வந்தே தீரும், பாரி சொல்லி மேகலாவுக்கு வரவில்லையா என்பதுதான் அவள் கற்ற பாடம். டாக்கீஸில் இடைவேளைக்கு அடித்த பித்தளை மணி பரணில் கிடந்தது. அதைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு தினமும் காலையில் கட்டில் கட்டிலாக வந்து, ணங்கென்று ஒரு அடி அடித்து, அவரவர் உண்மையை அவரவர் முகத்துக்கு நேரே சொல்லுவாள். உங்க பேரு இது, வயசு இது, ஊரு செவல்குறிச்சி, இன்னார் இருக்காங்க, இன்னார் செத்துப் போயிட்டாங்க. பிச்சைக்கண்ணு தாத்தா கண் முழித்ததும் "எங்க அம்மா எங்க?" என்று கேட்பார். "உங்க அம்மா இறந்து ரொம்ப வருசமாச்சு தாத்தா" என்று தங்கபுஷ்பம் கணீரென்று சொல்லுவாள். அவரும் அப்போதுதான் சேதி வந்த மாதிரி தலையில் அடித்துக்கொண்டு, இட்லி வருகிறவரைக்கும் அழுவார். "அழட்டும், அப்பத்தான் மனசுல நிக்கும்" என்பாள். கெட்ட எண்ணம் அவளுக்குக் கடுகளவும் கிடையாது, வந்த வினையே அதுதான்.

இந்த மணியால் அதிகம் அடிபட்டது குலசேகரன் ஐயாதான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி ஆவுடையம்மாளுக்கு மறதி முற்றிப்போனதும், வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு தானும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஆவுடையாச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள். தங்கபுஷ்பம் விட வேண்டுமே! தினமும் காலையில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ணங்! "ஆச்சி, நல்லாப் பாருங்க, இவருதான் உங்க வீட்டுக்காரரு" என்பாள். ஆச்சியின் மனசில் இருந்த வீட்டுக்காரருக்குச் சுருட்டை முடி, காக்கிச் சட்டை, முப்பது வயசு. அப்படிப்பட்டவருக்குப் பதிலாகப் பல்லுப் போன ஒரு கிழவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் உன் புருஷன் என்றால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? "யாருலே நீ? எங்க வீட்டுக்காரரு டூட்டி முடிஞ்சு வரட்டும், உன் காலை ஒடிக்கச் சொல்லுதேன்!" என்று கத்துவாள். ஒருநாள் கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை விட்டெறிந்தாள், ஐயாவின் நெற்றி பிளந்துவிட்டது.

மேட்ரன் அன்றைக்கே கோயமுத்தூரில் இருந்த அவர்கள் மகன் நாவுக்கரசுக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கார் வரும், ஆச்சியை வெளியூரில் பூட்டி வைத்துப் பார்க்கிற ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அங்கே ஆம்பளைகளுக்கு இடம் கிடையாது. குலசேகரன் ஐயா கட்டுப் போட்ட தலையோடு தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அவ என்னை அடிச்சாலும் பரவாயில்லம்மா. வையட்டும். ஆனா அவ குரல் கேக்குற தூரத்துல என்னை இருக்க விடுங்க. அவ இல்லாம எனக்குச் சோறு இறங்காது தாயி."

தங்கபுஷ்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "ஐயா, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆச்சி வாயால உங்க பேரச் சொல்ல வைக்கேன். இது சத்தியம்" என்று அவர் கையில் அடித்துச் சொன்னாள். மறுநாளிலிருந்து மணியை இரண்டு மடங்கு பலமாக அடிக்கலாம் என்று அவளுக்கு யோசனை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் படத்துக்கு மறதி வந்தது.

கடைசி சீன். மழை கொட்டுகிறது. பாரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். டாக்கீஸே முந்தானையையும் துண்டையும் கண்ணுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மேகலா நிமிர்ந்தாள், பாரியைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க யாரு?" என்றாள். பிறகு கட்டில்கள் பக்கம் திரும்பி, "இது எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"செவல்குறிச்சி தாயி" என்றார் பிச்சைக்கண்ணு தாத்தா, தன் சொந்த ஊரே மறந்துபோனவர். "உக்காரு, இப்பக் காப்பி வரும்."

மேகலா உட்கார்ந்துவிட்டாள். பாரி விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவனும் ஓரமாகக் குந்திக்கொண்டான். சுபம் வரவில்லை. மெஷினை அணைத்தும் பார்த்தார்கள், அவள் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டிவி ரிப்பேர் பார்க்கிற மாசானம் வந்து டிஸ்க்கை வேட்டி நுனியில் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "டிஸ்க்குல ஒண்ணுமில்ல, அந்தப் பிள்ளைக்குத்தான் முடியல" என்று சொல்லிவிட்டான். பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருந்தவனிடம் அதே படத்தின் இன்னொரு டிஸ்க் இருந்தது. அதில் மேகலா ஒழுங்காக "பாரி!" என்று ஓடிவந்தாள், ஆனால் அதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. நம்ம பிள்ளை இங்கே முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது ஊரான் வீட்டுப் பிள்ளை சௌக்கியமாக இருப்பதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? பூக்காரி ஒரு முழம் பிச்சிப்பூவைத் திரையின் ஓரத்தில் தொங்கவிட்டாள். கோயில் பூசாரி விபூதியும் சர்ச் உபதேசியார் எண்ணெயும் கொண்டுவந்து, யார் முதலில் என்று தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஏணி வைத்து ஏறி மேகலாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "பயந்திருக்காங்க, அவ்வளவுதான், கூட்டம் போடாதீங்க" என்றார், அதைக் கேட்கவே பெருங்கூட்டம் கூடிவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்று ஒரு ஆள் கேட்கவில்லை. சாப்பிட்டாளா, தூங்கினாளா, மழையில் எவ்வளவு நேரம் நனைவாள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் டாக்கீஸ் தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்.

தங்கபுஷ்பம் மட்டும் பதறிப்போனாள். அவளுடைய பாடமே அந்தக் கடைசி சீனில்தானே இருந்தது! அது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை குலசேகரன் ஐயாவுக்கு அவள் என்ன பதில் சொல்லுவாள்? மணியைத் தூக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றாள். ணங்!

"உன் பேரு மேகலா. இவரு பாரி, உன் புருசன். இது கடைசி சீன். இப்ப நீ பாரின்னு கூப்பிட்டு ஓடணும். எங்க, சொல்லு பாப்போம்!"

மேகலா திருதிருவென்று முழித்தாள். "சொல்லு! தெரியுதா இல்லையா? நல்லா யோசிச்சுப் பாரு!" ணங்! "எனக்குத் தெரியலையே... நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். கண்ணில் நீர் கோத்து, சுவர் உயரத்துக்கு இருந்த அந்த முகத்தில் குடம் குடமாக வழிந்தது. அப்படியே எழுந்து ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் திரையில் ஒரு நீலக் கதவைத் தவிர ஒன்றுமில்லை.

டாக்கீஸில் எழுந்த சத்தம் இருக்கிறதே! "ஏ சிஸ்டரு, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? பாவம் பிள்ளைய அழ வச்சிட்டியே!" என்று படுத்தபடுக்கையாகக் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து வைதார்கள். மத்தியானச் சோற்றை ஒருத்தரும் தொடவில்லை. தங்கபுஷ்பம் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு விக்கி விக்கி அழுதாள். கட்டிலில் அழுகிற முகங்கள் சின்ன முகங்கள், அவளுக்கு எப்போதும் அடுத்த கட்டில், அடுத்த மாத்திரை, அடுத்த ஊசி என்று ஓட்டம் இருந்தது. அவ்வளவு பெரிய முகம் அழுதால் எங்கே போய்ப் பார்க்காமல் இருப்பது? பிச்சைக்கண்ணு தாத்தாவும் தினமும் காலையில் இதே அழுகையைத்தான் அழுதாரென்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றி, பரணில் தூக்கிப் போட்டாள்.

சனிக்கிழமை பூராவும் பாரி அந்த நீலக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் தன் சொந்தப் புத்தியில் பேச வேண்டிய நிலைமை, பாவம், அவனுக்கும் அதிகம் ஓடவில்லை. "மேகலா, நான்தான் உன் புருஷன், திற" என்றான். உள்ளேயிருந்து மூச்சு இல்லை. டாக்கீஸ் மொத்தமும் அவனுக்கு யோசனை சொன்னது. பாட்டுப் பாடு என்றார் ஒருத்தர், கதவை உடை என்றார் இன்னொருத்தர், வாசலில் பட்டினி கிட என்றது ஒரு கிழவி.

அதுவரைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆவுடையாச்சி சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"ஏ தம்பி! உனக்குக் கூறு இருக்கா? ஒத்தைப் பொம்பளை இருக்கிற வீட்டு வாசல்ல வந்து, முன்னப் பின்ன தெரியாதவன் 'நான்தான் உன் புருசன்'னு சொன்னா எவ கதவத் திறப்பா? பயந்து சாவாளே! தள்ளி நில்லு. தாகமா இருக்குன்னு சொல்லி ஒரு வாய் தண்ணி கேளு. தண்ணி இல்லன்னு எந்தப் பொம்பளையும் சொல்ல மாட்டா."

பாரி படி இறங்கித் தள்ளி நின்றான். "அம்மா, ரொம்ப தூரம் நடந்து வந்தேன். ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

டாக்கீஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. மேகலா செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். அவன் குடித்தான். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்" என்றாள்.

அவன் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். "அவர் வர்ற வரைக்கும் நானும் இங்க இருக்கட்டுமா?"

"இருங்களேன். தனியாத்தான இருக்கேன்."

விசில் பறந்தது! முதல் நாள் முதல் காட்சிக்குக்கூடப் பொன்வண்டு டாக்கீஸ் அப்படி ஒரு விசிலைக் கேட்டதில்லை. ஊன்றுகோல்களைத் தரையில் தட்டினார்கள், தலையணையைத் தூக்கி எறிந்தார்கள், மேட்ரன் ரூபாவதியம்மாள் அந்தச் சதுர ஓட்டை வழியாகக் கையை விட்டு ஆட்டினாள். தங்கபுஷ்பம் அங்கே இல்லை. ஓட்டமும் நடையுமாக வாசலுக்குப் போய், மரத்தடியில் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த குலசேகரன் ஐயாவின் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயா, நீங்க ஆச்சிக்குப் புருசனா வர வேண்டாம். ஆச்சி உங்களை முதல்முதலாப் பாக்கையில நீங்க யாரா இருந்தீங்க? அதச் சொல்லுங்க."

"கண்டக்டர்தான். எட்டயபுரத்துக்குத் தையல் கிளாசுக்கு வருவா. சன்னலோரம்தான் உக்காருவா, நிமிந்துகூடப் பாக்க மாட்டா." ஐயாவுக்கு முகமெல்லாம் பொங்கிவிட்டது. "கல்யாணம் ஆன பெறவும் என் பஸ்ஸுலதான் அவங்க அம்மா வீட்டுக்குப் போவா. பக்கத்து சீட்டுல கைப்பையை வச்சு இடம் போட்டுக்கிட்டு, ஒரு நிமிசம் உக்காருங்களேன்னு கண்ணாலயே கேப்பா. டூட்டியில இருக்கிறவன் எப்படிம்மா பெண்டாட்டி பக்கத்துல உக்கார முடியும்? நாலு பேர் என்ன சொல்லுவான்? கடைசி வரைக்கும் உக்காரவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிக்கவில்லை. பிச்சைக்கண்ணு தாத்தா கண் முழித்து, "எங்க அம்மா எங்க?" என்றார். தங்கபுஷ்பத்துக்குப் பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது. திறந்த வாயை மூடி, கட்டிலில் உட்கார்ந்து, "உங்க அம்மா என்ன குழம்பு நல்லா வைப்பாங்க தாத்தா?" என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சுண்டைவத்தக் குழம்பு" என்றார். பிறகு இட்லி வந்தும் நிறுத்தவில்லை, கையை ஆட்டி ஆட்டி, வத்தலை எப்படி வறுப்பாள், எந்தச் சட்டியில் வைப்பாள், இவருக்கு மட்டும் எப்படி இரண்டாவது தடவை ஊற்றுவாள் என்று சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

பிறகு ஊரே கூடி நாற்காலிகளை அடுக்கியது. பஸ்ஸில் இருக்கிற மாதிரி நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் வரிசை. முன்னால் மாசானம் ஒரு சைக்கிள் டயரைப் பிடித்துக்கொண்டு டிரைவராக உட்கார்ந்துவிட்டான், இறங்கச் சொல்ல யாராலும் முடியவில்லை. சன்னல் கம்பிக்குப் பக்கத்தில் ஆவுடையாச்சியை உட்கார வைத்தார்கள். தினமும் சாயங்காலம் "வீட்டுக்குப் போணும், கடைசி பஸ் போயிரும்" என்று வாசலுக்கு ஓடுகிறவளாயிற்றே, பஸ் என்றதும் தானாகவே எழுந்து வந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் வீட்டுக்குப் போக வேண்டும் என்றவளிடம் இதுதான் வீடு என்று மணி அடித்துச் சொன்னவள் தங்கபுஷ்பம். இப்போது அவளே ஒவ்வொருத்தராகக் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நாவுக்கரசின் கார் வந்து நின்றது. அவன் உள்ளே நுழைந்து, "அம்மா துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சா? நேரமாச்சு..." என்று ஆரம்பித்தான். "வழியில நிக்காதீங்க சார், பஸ் கிளம்பப் போகுது" என்று தங்கபுஷ்பம் அவனைத் தோளைப் பிடித்து அமுக்கிக் கடைசி சீட்டில் உட்கார வைத்துவிட்டாள்.

பின்பக்கத்திலிருந்து குலசேகரன் ஐயா ஏறினார். பெட்டியின் அடியில் கிடந்த பழைய காக்கிச் சட்டை, தோளில் பை, கழுத்தில் விசில். பொன்வண்டு டாக்கீஸின் பழைய டிக்கெட் கட்டு கையில். "டிக்கெட், டிக்கெட்... உள்ள போங்க, உள்ள போங்க... படியில நிக்காதீங்க!" அந்தக் குரலைக் கேட்டதும் ஆச்சியின் தலை லேசாகத் திரும்பியது. ஐயா வழக்கம் விடாமல் ஒரு சீட்டின் முதுகில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நீங்க எங்கம்மா போணும்?"

"வீட்டுக்கு" என்றாள் ஆச்சி.

ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விரல் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நெத்தியில என்ன காயம்?"

"படியில இடிச்சிட்டேம்மா."

"பாத்து வரக் கூடாதா? எந்நேரமும் நின்னுக்கிட்டே வந்தா இப்படித்தான். எங்க வீட்டுக்காரரும் கண்டக்டர்தான், உக்காருங்க உக்காருங்கன்னு சொன்னா கேக்கவே மாட்டாரு." பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்களாவது உக்காருங்க."

குலசேகரன் ஐயா பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், நாலு பேர் என்ன, ஊரே பார்த்தது. உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. ஆச்சி முந்தானையால் அவர் நெற்றிக் கட்டை ஒற்றினாள்.

கடைசி சீட்டிலிருந்து நாவுக்கரசு எழுந்துவிட்டான். "அம்மா, இவரு யாருன்னு..." என்றவன் வாயைத் தங்கபுஷ்பம் பொத்தினாள். "கேக்காதீங்க சார். தெரியுமா, ஞாபகம் இருக்கான்னு இனிமே யாரும் கேக்காதீங்க. அவங்களுக்குப் பக்கத்துல யாரோ இருக்காங்க, நல்லவங்கன்னு தெரியுது. அது போதும்." அவன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "எனக்கும் ஒரு டிக்கெட் குடுங்கப்பா" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மேலே சதுர ஓட்டையிலிருந்து மேட்ரன், "ஆச்சி எங்கயும் போகல, காரை ஓரமா விடுங்கப்பா, தெருவ அடைச்சுக்கிட்டு நிக்குது!" என்று சத்தம் போட்டாள்.

திரையில் மேகலாவும் பாரியும் படியை விட்டு எழுந்து, கையில் பையோடு ரோட்டோரம் வந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கரிசல் காடும் எட்டயபுரம் ரோடும் நீளமாகக் கிடந்தன.

ஆச்சி சன்னலுக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முழங்கையைத் தட்டினாள்.

"கண்டக்டரே, விசில் ஊதுங்க. எங்க வீட்டுக்காரரு சாப்பிடாமக் காத்துக்கிட்டிருப்பாரு."

அவர் ஊதினார்.